ஒரே எண்ணில் ஓடிய கடையும் குடும்பமும்: வீட்டிலிருந்து ஆரி வேலை செய்யும் ஒருவரின் அந்தரங்கம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்குப் பகுதியின் ஒரு சிறு நகரத்தில், வீட்டின் முன்னறையில் மரச்சட்டம் போட்டு ஆரி வேலை (துணியில் கொக்கி ஊசியால் செய்யும் பூவேலைப்பாடு) செய்துவரும் ஒரு பெண்ணுக்கு 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நேர்ந்ததையும், அதன்பின் சமூக ஊடகத்தில் தொடர்வதா விலகுவதா என்று அந்தக் குடும்பம் எடுத்த முடிவையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. அவரும் அவருடைய கணவரும் இசைந்த பிறகே இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை விட்டுவிட்டேன். நான் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிப்பவள். அவரிடம் இரண்டு ரவிக்கைகளுக்கு வேலைப்பாடு கொடுத்த வாடிக்கையாளரும்கூட. இந்த இரண்டாவது தகுதியும் பின்னால் தொடர்புள்ளதாகிவிட்டது.

அவர் மூன்று மாதப் பயிற்சி வகுப்பில் ஆரி வேலை கற்றவர். தொடக்கத்தில் அக்கம்பக்கத்துத் தையல்காரர்கள் கொடுத்த வேலையை மட்டும் செய்துகொண்டிருந்தார். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் கணவருடைய விசைத்தறிக் கூலி நின்றபோது, ஒரு படப் பகிர்வுத் தளத்தில் பக்கம் தொடங்கி, முடித்த வேலைகளின் படங்களைப் போடலானார். அடுத்த மூன்றாண்டுகளில் ஆர்டர்களில் பெரும்பகுதி அந்தப் பக்கத்தின் வழியாகவே வந்தது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பெண்கள் அளவு ரவிக்கையைக் கூரியரில் அனுப்பிவைப்பார்கள். அவர் வேலையை முடித்துத் திருப்பி அனுப்புவார். முகூர்த்த மாதங்களில் நாத்தனாரும் உட்கார்ந்து கல் ஒட்டித் தர வேண்டியிருந்தது.

இவை அனைத்துக்கும் ஒரே ஒரு கைபேசி எண்தான் இருந்தது. பக்கத்தின் முகப்பில் இருந்ததும், வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் எரிவாயு இணைப்பிலும் மகளின் பள்ளிப் பதிவேட்டிலும் இருந்ததும் அதே எண். திருமணமான புதிதில் வாங்கிய சிம். அதை மாற்ற வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு எழுந்ததில்லை. இப்படித் தொழில் நடத்தும் பெண்களில் எனக்குத் தெரிந்த பலரும் அப்படித்தான் இருக்கிறார்கள் என்பதால் இதை அவருடைய தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் அழைப்புகள்

2024 ஆவணியில், தங்கையின் திருமணத்துக்கு ரவிக்கை வேண்டும் என்று ஓர் ஆண் வாட்ஸ்அப்பில் விலை கேட்டார். இரண்டு நாட்கள் மாதிரிப் படங்களையும் ஜரிகை நிறங்களையும் பற்றிப் பேசினார். முன்பணம் என்று சொன்னதும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. இரவு பத்து மணிக்கு மேல் அழைப்புகள் வரத் தொடங்கின. எடுக்காவிட்டால் குரல்பதிவுகள் வந்தன. அவற்றில் மிரட்டலோ ஆபாசமோ இல்லை. அதனால்தான் அவர் நீண்ட நாட்கள் வீட்டில் சொல்லாமல் இருந்துவிட்டார். ஆனால் ஒரு குரல்பதிவில் அவருடைய கணவரின் பெயர் வந்தது. இன்னொன்றில், "உங்க பாப்பா அந்த ஸ்கூல்லதானே படிக்குது?" என்று பள்ளியின் பெயரும் வந்தது. கடைசியாக, அவர்கள் தெருமுனையில் உள்ள மாரியம்மன் கோயில் வாசலை அன்று மாலை எடுத்த ஒரு படம், ஒரு சொல்லும் இல்லாமல், வந்து சேர்ந்தது.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகே அவர் கணவரிடம் சொன்னார். அதற்கு முன் அந்த எண்ணைத் தடுத்திருந்தார். வேறொரு எண்ணிலிருந்து அதே ஆள் வந்தார். கோபத்தில் முதல் எண்ணுடன் நடந்த உரையாடல் முழுவதையும் அழித்துவிட்டார். இது பின்னர் காவல் நிலையத்தில் பெரும் குறையாக நின்றது.

மூடிய ஒன்பது நாட்கள்

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் குடும்பம் கூடிப் பேசியது. "அந்தக் கருமத்த மூடிட்டு இருக்கற வேலையப் பாரு" என்றார் மாமியார். கணவருக்கும் அதே கருத்து. அன்றிரவே பக்கத்தை முடக்கி, வாட்ஸ்அப்பையும் கைபேசியிலிருந்து நீக்கினார்கள்.

அப்போது கையில் முன்பணம் வாங்கிய ஆர்டர்கள் பல இருந்தன. அளவு ரவிக்கைகள் வேறு அவரிடம் இருந்தன. பக்கம் திடீரென மறைந்ததைக் கண்ட வாடிக்கையாளர்கள், இப்படியான பக்கங்களில் ஏமாந்தவர்களின் கதைகளை ஏற்கெனவே கேட்டவர்கள், தாங்களும் ஏமாந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒருவர், பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார் என்று அவருடைய எண்ணையும் படத்தையும் சேர்த்துத் தம் பக்கத்தில் எழுதினார். அதைச் சிலர் பகிரவும் செய்தார்கள். அந்தரங்கத்தைக் காக்க எடுத்த நடவடிக்கையால் அவருடைய எண் முன்னைவிடப் பலருடைய கண்ணில் பட்டது.

ஒன்பதாம் நாள் அவர் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் எழுதினார். எனக்கும் அப்படியொரு செய்தி வந்தது. அதைப் பார்த்துத்தான் நான் அவரை அழைத்துப் பேசினேன். "மூடச் சொன்னா மூடிடறேன்க்கா. ஆனா எனக்குக் கடைன்னு இருக்கறதே அதுதானே?" என்று கேட்டார்.

எது எங்கிருந்து கசிந்தது

நவம்பர் நடுவில் இரண்டு சனிக்கிழமைகள் அவர் வீட்டில் உட்கார்ந்து, அந்த ஆளுக்குத் தெரிந்திருந்த ஒவ்வொன்றும் எங்கிருந்து போயிருக்கும் என்று தேடினோம். யாரோ கணக்குக்குள் நுழைந்துவிட்டார்கள், கடவுச்சொல் போய்விட்டது என்பதுதான் குடும்பத்தின் முதல் ஐயம். கணக்கில் நுழைந்த கருவிகளின் பட்டியலில் அவருடைய கைபேசியையும் நாத்தனாரின் கைபேசியையும் தவிர வேறெதுவும் இல்லை. ஆக, எதுவும் திருடப்படவில்லை. எல்லாம் வெளியில்தான் கிடந்தது.

அவருடைய முழுப்பெயர் யுபிஐ வழியாகத் தெரிந்திருக்கலாம். பணம் அனுப்பும் செயலியில் எண்ணைத் தட்டினால், ஒரு ரூபாய்கூட அனுப்பாமலேயே, வங்கியில் பதிவான பெயர் திரையில் வந்துவிடும். தவறான ஆளுக்குப் பணம் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு தேவைதான். ஆனால் கடைப்பெயரில் மட்டுமே அறியப்பட விரும்பும் ஒருவருக்கு அது திரையை விலக்கிவிடுகிறது.

கணவரின் பெயர் தெரிந்த வழி இன்னும் நுட்பமானது. உறவினர்களுக்கு மட்டும் என்று அவர் வைத்திருந்த தனிக்கணக்கும் அதே எண்ணில் தொடங்கப்பட்டது. யாரேனும் அவருடைய எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து, தொடர்புப் பட்டியலைத் தளத்துக்கு ஏற்றினால், 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று அந்தத் தனிக்கணக்கு அவர்களுக்குக் காட்டப்படும். ரவிக்கைக்கு விலை கேட்க எண்ணைச் சேமித்த ஒவ்வொருவருக்கும் இந்த வாய்ப்பு இருந்தது. அந்தக் கணக்கின் முகப்புப் படத்தில் கணவர் பெயரோடு குறியிடப்பட்டிருந்தார்.

நம்மைப் பற்றிய தகவல் நம்முடைய செயலால் மட்டும் வெளியேறுவதில்லை என்பதை அவருக்கு விளக்க, ஒரு வினாடிவினாச் செயலி வழியாகப் பேஸ்புக் பயனர்களின் தரவு அரசியல் ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்குப் போனதாக 2018இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தின் இந்திய எண்ணிக்கையைச் சொன்னேன். அந்த வினாடிவினாச் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர் என்றும், அவர்களுடைய நட்பு வட்டத்தின் வழியாகப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5.62 லட்சம் பேர் என்றும் பேஸ்புக் நிறுவனமே தெரிவித்தது. அவர் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் மட்டும் ஒழுங்கா இருந்து என்ன பண்றது?" என்றார். அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை.

பள்ளியின் பெயருக்கு அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. காலையில் மகளுக்குத் தலைவாரிவிட்டுப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு வேலைக்கு உட்காருவதாக அவர் போட்ட ஒரு குறுங்காணொளிக்கு நல்ல வரவேற்பு இருந்தது. ஆகவே அதேபோலப் பலவற்றைப் போட்டிருந்தார். சீருடையில் பள்ளி முத்திரை தெரிந்தது. வண்டி வரும் நேரமும் தெரிந்தது.

வீட்டின் இடம் பற்றி நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அது தவறாகிப் போனது. வேலைப்பாட்டின் நுணுக்கம் மங்காமல் தெரிய வேண்டும் என்பதற்காக, அவர் படங்களை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பும் பழக்கம் வைத்திருந்தார். படமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்பட்டு, எடுத்த இடம் பற்றிய குறிப்பும் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போகும். கேமராவில் லொகேஷன் இயக்கத்தில் இருந்தால், எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகளும் சேர்ந்தே போகும். அவருடைய கைபேசியில் அது இயக்கத்தில்தான் இருந்தது. இதுதான் வழி என்று நான் உறுதியாகச் சொன்னேன். ஆனால் பின்னர் காவல் நிலையத்தில் அந்த ஆள் சொன்னது மிக எளியது: பார்சல் கட்டும் காணொளி ஒன்றை நிறுத்தி, அனுப்புநர் முகவரியைப் படித்திருக்கிறார். கணினி படித்தவர்களுக்கு வரும் நோய் இது என்று நினைக்கிறேன். கோப்புக்குள் மறைந்திருப்பதைத் தேடிப்போய், கூரியர் சீட்டில் பேனாவால் எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை.

அந்தக் காணொளிகளை மறுபடி பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. அவற்றில் பெறுநர் முகவரிகளும் இருந்தன. சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள பல பெண்களின் வீட்டு எண், தெரு, கைபேசி எண் ஆகியவை அதே காணொளிகளில் மாதக்கணக்காகக் கிடந்தன. 'இந்த மாத ஆர்டர்கள்' என்று அவர் பெருமையோடு போட்டிருந்த அளவு நோட்டின் ஒரு பக்கத்தில், பெயர்களும் எண்களும் மார்பளவு, இடுப்பளவு, கைச்சுற்றளவு ஆகியனவும் வரிசையாக இருந்தன. நான்காவது வரியில் என் பெயர் இருந்தது. அவர் கைபேசியை மெல்லக் கீழே வைத்துவிட்டார். சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

விலகுவதா, தொடர்வதா

குடும்பத்தின் முன் இருந்தது இரண்டு வழிகள் என்றே அவர்கள் நினைத்தார்கள். கணவரின் தம்பி மூன்றாவது ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த வாரம்தான், வாட்ஸ்அப்பின் 2021ஆம் ஆண்டு தனியுரிமைக் கொள்கை மாற்றம் தொடர்பாக அதன் உரிமையாளரான மெட்டா நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் ₹213.14 கோடி அபராதம் விதித்த செய்தி வந்திருந்தது. செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சிக்னல் என்ற செய்திச் செயலிக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீரும் என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நிறுவனங்கள் நம்மைப் பற்றி என்ன சேர்க்கின்றன, யாரோடு பகிர்கின்றன என்பது பெரிய கேள்விதான். அந்தரங்கம் அரசமைப்புச் சட்டம் உறுதிசெய்யும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்த பின் அது இன்னும் வலுத்திருக்கிறது. ஆனால் இந்தப் பெண்ணுக்கு நேர்ந்த தொல்லை நிறுவனத்திடமிருந்து வந்ததன்று. பார்க்க அனுமதிக்கப்பட்டதைப் பார்த்த ஒரு மனிதரிடமிருந்து வந்தது. அத்தகைய செயலிகளின் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்தியை வழியில் பிறர் படிக்காமல் காக்கும். பெறுபவரே தொல்லை தருபவராக இருந்தால் அதனால் பயனில்லை. தவிர, சிக்னலில் அவருடைய வாடிக்கையாளர்கள் இல்லை. இந்த இரண்டு அச்சங்களையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதால்தான் பல குடும்பங்களில் இந்தப் பேச்சு 'எல்லாத்தையும் மூடு' என்பதில் போய் முடிகிறது என்பது என் கருத்து.

முழுமையாக விலகுவதற்கு எதிராக மூன்று காரணங்கள் எடைபோட்டன. அந்த ஆளுக்கு வீடும் பள்ளியும் ஏற்கெனவே தெரியும். பக்கத்தை அழிப்பதால் அவர் அதை மறந்துவிடப் போவதில்லை. ஒன்பது நாள் மூடலே மோசடிக்காரி என்ற பெயரைத் தேடித் தந்தது. மூன்றாவது, குடும்ப வருமானத்தில் பெரும்பங்கு அவருடையது; இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கணவருக்குத் தெரிந்திருந்தது. தொடர்வதற்கு எதிராக இருந்தது மகள். அவளுக்குப் பதினொரு வயது. அதுவரை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. நான் கேட்டபோது, வகுப்பில் தன்னை அந்தக் காணொளியின் பாட்டைப் பாடிக் கூப்பிடுகிறார்கள் என்றும், அம்மா கவலைப்படுவாள் என்று சொல்லவில்லை என்றும் சொன்னாள். அந்த ஆளின் தொல்லை தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே அது நடந்துகொண்டிருந்தது.

கடை இருக்கட்டும், குடும்பம் அதிலிருந்து வெளியேறட்டும் என்று முடிவானது. மாமியார் இதை ஏற்க இரண்டு வாரமாயிற்று.

காவல் நிலையம்

நியாயப்படி இது முதலில் நடந்திருக்க வேண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போவதென்றால் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற தயக்கத்தில் குடும்பம் ஏறத்தாழ இரண்டு மாதங்களைக் கடத்திவிட்டது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, விருப்பமின்மையைத் தெளிவாகத் தெரிவித்த பிறகும் ஒரு பெண்ணை மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வதையும், அவருடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதையும் பின்தொடர்தல் குற்றமாக்குகிறது. முதல் முறை குற்றம் உறுதியானால் மூன்றாண்டுகள் வரை சிறை. இதில் 'தெளிவாக' என்ற சொல் இவர்களுக்குச் சிக்கலானது. அவர் பதில் சொல்லாமல் இருந்தார், எண்ணைத் தடுத்தார், உரையாடலை அழித்தார். என்னைத் தொடர்புகொள்ளாதே என்று ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. நம் வீடுகளில் பெண்களுக்குச் சொல்லித்தரப்படுவது பேசாமல் ஒதுங்கிப்போவதுதான். தடுத்ததையே விருப்பமின்மையின் அடையாளமாகக் காட்டலாம். ஆனால் எழுத்தில் ஒரு வரி இருந்திருந்தால் வாதத்துக்கே இடமிருந்திருக்காது.

இரண்டாவது எண்ணிலிருந்து வந்த குரல்பதிவுகளும் கோயில் படமும் எஞ்சியிருந்தன. அவற்றை எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அச்சிட்டு, நாள்வாரியாக ஒரு பக்கக் குறிப்பும் சேர்த்துப் புகார் கொடுத்தோம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. உதவி ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார். நான்கு நாளில் ஆளைக் கண்டுபிடித்து வரவழைத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர், திருமணமானவர். எழுதி வாங்கி, எச்சரித்து அனுப்பினார்கள். முதல் தகவல் அறிக்கை வேண்டாம் என்று குடும்பம் சொல்லிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அது என்னுடைய வீட்டு வாசல் அல்ல, அவர்களுடையது.

செய்த மாற்றங்கள்

முதல் வேலை எண்ணைப் பிரிப்பது. பொதுவாகக் கடைக்குப் புது எண் வாங்கச் சொல்வார்கள். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்: பழைய எண்ணைக் கடைக்கு விட்டுவிட்டு, குடும்பத்துக்குப் புது எண் வாங்கினோம். கடை எண் மாறினால் மறுபடியும் ஏமாற்றுப் பேச்சு கிளம்பும் என்பது ஒரு காரணம். பழைய எண்ணைக் கைவிட்டால், துண்டிக்கப்பட்ட எண் 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குப் போய்ச் சேரலாம் என்பது இன்னொன்று. வங்கியும் ஆதாரும் பள்ளியும் இணைந்திருக்கும் ஓர் எண்ணை அப்படி விட்டுவிடுவது, பூட்டாத வீட்டை வாடகைக்கு விடுவதற்குச் சமம்.

இந்த வழியில் அலைச்சல் அதிகம். வங்கிக் கிளைக்கு இரண்டு முறை, ஆதார் மையத்துக்கு ஒரு முறை, எரிவாயு முகவரிடமும் பள்ளியிலும் எழுதிக் கொடுப்பது என்று மூன்று வாரங்கள் ஓடின. இதற்கிடையே ஒருமுறைக் கடவுஎண்கள் (ஓடிபி) எந்த எண்ணுக்கு வருகின்றன என்று தெரியாமல் இரண்டு நாள் கூரியர் பணம் கட்ட முடியாமல் போனது.

பணத்துக்காக, சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் கட்டணமின்றித் தொழிலைப் பதிவு செய்து, அதைக் காட்டிக் கடைப்பெயரில் நடப்புக் கணக்குத் தொடங்கினார். இப்போது க்யூஆரை ஸ்கேன் செய்தால் கடைப்பெயர் மட்டும் வருகிறது. உறவினர்களுக்கான தனிக்கணக்கில் புது எண்ணை இட்டு, எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்காதபடி செய்து, தொடர்புப் பட்டியல் ஏற்றத்தையும் நிறுத்தினோம். குடும்ப வாட்ஸ்அப் புது எண்ணுக்குப் போனது. முகப்புப் படமும் ஸ்டேட்டஸும் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்றானது. கடை வாட்ஸ்அப்பில் இரவு எட்டு மணிக்குப் பிறகு தானியங்கிப் பதில் போகிறது. கேமராவின் லொகேஷனை அணைத்தோம். கூரியரின் அனுப்புநர் முகவரியாக, கடைவீதியில் தையற்கடை வைத்திருக்கும் தோழியின் முகவரியை அவருடைய இசைவோடு பயன்படுத்துகிறார். அளவு ரவிக்கைகளும் அங்கேதான் வந்து இறங்குகின்றன.

மகள் இருந்த காணொளிகளை நீக்குவதுதான் கடினமாக இருந்தது. அவையே அதிகம் பார்க்கப்பட்டவை. எதை நீக்கலாம் என்று அம்மா பட்டியல் போட்டார். மகள் பட்டியலைப் பார்க்காமலே எல்லாவற்றையும் என்றாள். எல்லாவற்றையும் நீக்கினார்கள்.

வாடிக்கையாளர்கள் விஷயத்தில், பார்சல் காணொளிகளையும் அளவு நோட்டின் படத்தையும் எடுத்துவிட்டு, அவற்றில் முகவரி தெரிந்த ஒவ்வொருவருக்கும் நடந்ததைச் சொல்லிச் செய்தி அனுப்பினார். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நாத்தனார் சொன்னார்; அவர் கேட்கவில்லை. இதில் சட்டத்தின் ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவெளியில் வெளியிட்ட தம் தரவுக்குப் பொருந்தாது. சமூக ஊடகத்தில் தம்மைப் பற்றி எழுதுபவரையே சட்டம் அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. ஆகவே அவர் தம் மகளோடு எடுத்துப் போட்ட காலை நேரக் காணொளியில் தம்மைப் பற்றி வெளியிட்டவற்றுக்கு அந்தச் சட்டத்தின் துணை கிடையாது. ஆனால் வாடிக்கையாளரின் முகவரியையும் அளவையும் வெளியிட்டது அவர்களல்லர், இவர். அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசமும் தரப்பட்டுள்ளது. எனவே அன்று அவரைக் கேள்வி கேட்கும் சட்டம் அமலில் இல்லை. செய்தி அனுப்பியது அவராக எடுத்த முடிவு.

பின் நடந்தவை

முதல் இரண்டு மாதங்களில் ஆர்டர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. முகவரி விஷயத்தைச் சொன்னதால் விலகிப்போனவர் ஒரே ஒருவர். மற்ற சிலர் சொன்னதற்கு நன்றி தெரிவித்து மறுபடியும் வேலை கொடுத்தார்கள். 2025 தை மாத முகூர்த்தங்களில் ஆர்டர்கள் பழைய அளவுக்கு அருகில் வந்தன. குடும்பக் காட்சிகள் இல்லாத பக்கத்துக்குப் பார்வைகள் குறைந்தது நிலைத்துவிட்டது. ஆனால் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் குறைந்தார்களே தவிர ரவிக்கை கொடுப்பவர்கள் அந்த அளவுக்குக் குறையவில்லை. இதை முன்கூட்டியே நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த ஆளிடமிருந்து அதன்பின் எதுவும் வரவில்லை. பள்ளி வண்டி நிறுத்தத்துக்கு மகளோடு பாட்டி போய்வருவது மட்டும் இன்றுவரை தொடர்கிறது.

மீட்க முடியாதவையும் உண்டு. நீக்கிய காணொளிகளில் இரண்டு, வேறொரு பக்கத்தில் அவருடைய கடைப்பெயரை மறைத்து இன்னும் ஓடுகின்றன. புகார் அளித்ததில் ஒன்று எடுக்கப்பட்டது. ஒரு மாதத்தில் அதே காணொளி வேறு பெயரில் வந்தது. மோசடிக்காரி என்று எழுதியவர் மன்னிப்புக் கேட்டுத் தம் பதிவை நீக்கினார். அதைப் பகிர்ந்தவர்கள் நீக்கவில்லை.

மீண்டும் நேர்ந்தால்

வரிசையை மாற்றுவேன். தடுப்பதற்கும் அழிப்பதற்கும் முன் சான்றுகளை எடுத்துவைப்பது, 'இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்' என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புவது, அதற்குப் பிறகும் வந்தால் மறுநாளே புகார் கொடுப்பது. பக்கத்தைத் தற்காலிகமாக மூடியே ஆக வேண்டுமென்றால், முன்பணம் கொடுத்தவர்களுக்கு முதலில் சொல்லிவிட்டு மூடுவது. கசிவைத் தேடும்போது தொழில்நுட்பத்தில் தொடங்காமல், முன்பின் தெரியாத ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, பக்கத்தை அரைமணி நேரம் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதச் சொல்லித் தொடங்குவது. பின்னர் என் மாணவிகள் இருவரிடம் வேறொரு பக்கத்தைக் கொடுத்து இதைச் செய்துபார்த்தபோது, இருபது நிமிடத்தில் வீட்டின் தெருவைச் சொல்லிவிட்டார்கள்.

மகளிடம் முதல் நாளே கேட்டிருப்பேன். நானும் அவளிடம் கேட்டது இரண்டாவது சனிக்கிழமை மாலையில்தான், காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் உள்ளே போகத் திரும்பியபோது.

பழைய எண் இப்போது ஒரு தனிக் கைபேசியில், மரச்சட்டத்தின் அருகே கிடக்கிறது. இரவு எட்டு மணிக்கு அதன் ஒலியை அணைத்து ஜமிக்கி டப்பாக்களோடு அலமாரியில் வைத்துவிடுகிறார். மாதத்துக்கு ஒருமுறையாவது, தெரியாத எண்ணிலிருந்து விலை கேட்டு ஓர் ஆண்குரல் வருகிறது. பெரும்பாலும் மனைவிக்கோ தங்கைக்கோ உண்மையிலேயே ரவிக்கை கேட்பவர்கள்தான். ஒவ்வொரு முறையும் முதல் நிமிடம் அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.